பொன்னேரி வரை புத்தி சொன்னேன்

பிள்ளைகளா, புத்தி சொல்வதில் உங்கள் அப்பன் கெட்டிக்காரன். கேட்டு உருப்பட்டவர்தான் யாருமில்லை.

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறியபோது பக்கத்தில் ஒருவர் இருந்தார். நரைத்த தாடி, மடியில் லேப்டாப். ஒரு வரி அடிப்பார், உடனே அழிப்பார். விசாரித்தேன். விஞ்ஞானிகளுக்கான இலவச மென்பொருள் ஒன்றுக்கு அவர் பொறுப்பாளராம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். பிழை வந்தால் திட்டு இவருக்கு. வெறுத்துப்போய் விலகல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

விடுவேனா? நான் ஸ்டீல் கம்பெனி போர்மேன் ஆயிற்றே. "ஆளுங்கள டைட்டா வெச்சிக்கினா அல்லாம் சரியாப்பூடும் சார்" என்று பொன்னேரி வரை பேசினேன்.

"ஆளே கிடையாது சார். நான் ஒருத்தன்தான்" என்றார்.

அப்போது அவருக்குப் போன் வந்தது. பேசியது வேறொரு மென்பொருளுக்குப் பொறுப்பான ஓர் அம்மாளாம். "எனக்கும் இந்த வாரம் செம திட்டு. நீங்க சொல்லுங்க" என்றது என் காதிலும் விழுந்தது. அப்புறம் இவர்தான் பேசினார்; அந்தம்மா 'ம்' கொட்டியதோடு சரி. பேசி முடித்ததும் இவர் கடிதத்தை அழித்தார்.

"இன்னா சார் யோசனை சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. நாங்க பொறுப்பாளருங்க வாராவாரம் பேசுவோம். கேக்காம யோசனை சொல்லக்கூடாது, அவ்ளோதான்."

இறங்கியதும், பிளாட்பாரத்தில் தனியாக நின்று, நான் தினமும் குறை சொல்லும் அடுத்த ஷிப்ட் போர்மேனுக்குப் போன் போட்டேன். "இன்னாப்பா, எப்படி கீற?" என்று கேட்டுவிட்டு, இடது கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.