வெட்டிய குழி

சென்னையிலிருந்து இலங்கையின் கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து ஹாலிஎல பக்கம் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ரோட்டில் ஏழு மணி நேரம். அப்பா இறந்த அன்று எங்கள் லயத்து வீடுகளில் யாரும் இந்த இரண்டாவது கணக்கைப் போடவில்லை. "இறங்கிட்டேன்" என்று போனில் சொன்னதுமே குழியை வெட்டிவிட்டார்கள். வெட்டிய குழியை இரவில் வெறுமனே விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். முதல் மண்ணை மூத்த மகனான நான்தான் போட வேண்டும் என்பதும் வழக்கம்தான்.

பெரகலை ஏற்றத்தில் வேன் வந்துகொண்டிருந்தபோது பெரியப்பா மறுபடியும் அழைத்தார்.

"எங்கப்பா வர்ற?"

"பெரகலைங்க பெரியப்பா. இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும்."

"ஏரோப்பிளேன்ல வந்த புள்ளைக்கு இவ்வளவு நேரமா? பொழுது சாயுதுப்பா."

யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போது அவருக்குப் பின்னால் ஒலித்துக்கொண்டிருந்த தப்பு மேளச் சத்தம் நின்றது. எல்லோரும் என் பதிலுக்காக நிற்கிறார்கள்.

"தம்பிய மண்ணப் போடச் சொல்லுங்க" என்றேன்.

அதுவரை வளைவுக்கு வளைவு முந்திக்கொண்டு வந்த டிரைவர், என்னிடம் ஒன்றும் கேட்காமல் வேகத்தைக் குறைத்தார்.