ஆஷாவை மூலமாக்கிய பெட்டி

ஸ்ரீநாத்திடம் மாட்டிக்கொண்டது என் தலையெழுத்து. மந்தைவெளியில் ஒற்றை அறையில் உட்கார்ந்து, மயிலாப்பூர் கடைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருகிறார். எதைக் கேட்டாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். அதிலும் சரியாகவில்லை என்றால் நான்தான் எதையோ தொட்டிருப்பேனாம். என் கல்யாணத் தகவல் நிலையத்துக்கும் அவர்தான் எழுதிக் கொடுத்தார்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. திரையில் தெரிகிற பெட்டியையும் உள்ளே சேமித்திருக்கும் தகவலையும் அவர் இணைத்துவிடுவாராம். அதற்கு பைண்டிங் என்று பெயர். பெட்டியில் எதைப் போட்டாலும் உள்ளே இருப்பதும் அப்படியே மாறிவிடும்.

“ஒரு இடத்துல மாத்தினா போதும் மாமி, மத்ததை அது பாத்துக்கும்” என்பார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது.

போன மாதம் வரனின் நட்சத்திரத்தை வைத்துத் தேட ஒரு புதுப் பெட்டி வைத்தார். அதை முதலில் ஆஷாவுக்காகத்தான் பயன்படுத்தினேன். அடையாறில் டீச்சர், திருவாதிரை நட்சத்திரம், தங்கமான பெண். அவள் பக்கத்தைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு நட்சத்திரமாகப் போட்டுப் பார்த்தேன். மூலத்தில் சுஹாஸ் கிடைத்தான். பெசன்ட் நகரில் இரண்டு பேரும் சந்தித்துப் பேசினார்கள், பிடித்துவிட்டது. ஆஷா என்னைக் கூப்பிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். இந்தத் தொழிலில் அந்தச் சிரிப்புக்காகத்தான் உயிரை விடுகிறேன்.

பிறகு பையனின் அம்மா என்னிடமிருந்து ஆஷாவின் விவரத்தைப் பிரிண்ட் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாளே வேண்டாம் என்றாள். மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாதாம். ஆஷா திருவாதிரை ஆயிற்றே! ஆஷாவின் பக்கத்தைத் திறந்தால், திருவாதிரை இருந்த இடத்தில் மூலம் என்று இருக்கிறது.

ஸ்ரீநாத்தை உடனே வரச் சொன்னேன். சாவகாசமாக வந்தார், காபி கேட்டார், பத்து நிமிஷம் நோண்டினார். புதுப் பெட்டியை வரனின் நட்சத்திரத்தோடு இணைக்காமல் பெண்ணின் நட்சத்திரத்தோடேயே இணைத்திருக்கிறார் மனுஷன். நான் வரனுக்குத் தேடத் தேட, ஆஷாவின் நட்சத்திரம் மாறிக்கொண்டே போயிருக்கிறது. சுஹாஸ் கிடைத்ததும் நான் நிறுத்தினேன், அவளும் மூலத்தில் நின்றுவிட்டாள்.

“சின்ன விஷயம் மாமி” என்றார். கையில் இருந்த டம்ளரை அவர் தலையில் போடலாம் போலிருந்தது.

அவர் இணைப்பை அவிழ்த்துவிட்டு, உள்ளே இருக்கும் தகவலில் திருவாதிரை என்று திருத்திக்கொண்டிருந்தபோதே நான் பையனின் அம்மாவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். உடனே அந்த அம்மாள் குழைந்து, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னாள். அப்பாடா என்று ஆஷாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“சுஹாஸும் மூலம்தானே மாமி?”

“ஆமாம்டி.”

“அவர் மூலமா இருக்கலாம், நான் இருக்கக் கூடாதா? வேண்டாம்னு சொன்னப்போ அவர் ஒரு ஃபோன்கூடப் பண்ணலை. அவாளை வர வேண்டாம்னு சொல்லிடுங்கோ. எனக்கு மூலம்னே இருக்கட்டும். அதைப் பாத்துட்டும் யார் வராளோ, அவாகிட்ட நான் உண்மையைச் சொல்லிக்கறேன்.”

ஃபோனை வைத்துவிட்டாள். ஸ்ரீநாத் ஒன்றுமே நடக்காதது போல மவுஸைப் பிடித்துக்கொண்டு, திருவாதிரைன்னு சேவ் பண்ணட்டுமா மாமி என்று கேட்டார்.

“கையை எடுங்கோ” என்றேன்.