கயல் சீருக்குச் சொன்ன வண்டி

அடையாறு ஜெயராம் கெட்டவர் இல்லை. வண்டி என்று வந்துவிட்டால் மட்டும் கண்மண் தெரியாது. மூக்கு நீண்ட பழைய பிக்கப் லாரி ஒன்றை ஊரூர் ஒல்காட் குப்பத்துச் செண்பகத்திடம் வாங்கி, கே.கே. நகரில் இருக்கும் என் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். செண்பகத்தின் புருஷன் சாகும்வரை மீன் ஏற்றிய வண்டி அது. மகள் கயலின் கல்யாணச் சீர் இதில்தான் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அந்த ஒரு நாள் வண்டி தருவதாக ஜெயராம் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவள் சாவியைக் கொடுத்தாள். வண்டியைப் பார்த்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போயிருந்ததால் நானும் பக்கத்தில் நின்றேன்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. டர்போ எஞ்சின் கேட்டார், சரி. அலாய் வீல், அகல டயர், முகம் தெரியும் கறுப்புப் பெயின்ட், அதுவும் சரி. வண்டியை மூன்று அங்குலம் இறக்கு, பின்தொட்டியை ஃபைபர் மூடியால் அடைத்துவிடு என்றபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"சார், அந்தம்மாவுக்கு வாக்கு குட்த்தீங்களே. மூடி போட்டா பீரோவ எங்க ஏத்துறது?"

"தெரியும் பாய். இன்னும் மாப்பிள்ளையே பாக்கல. அப்போ பாத்துக்கலாம்."

எங்கே பார்த்தார்? மூடிக்கு மேலே கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம், அறிவாளி. சீர் போகிற அன்று என்னையும் கூட்டிக்கொண்டு, வண்டிக்கு மாலை போட்டு வந்தார். குப்பத்துத் தெருமுனை வேகத்தடையில் வண்டி வயிறு தட்டி நின்றது. பீரோவும் கட்டிலும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏறின. சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

செண்பகம் வந்து பானெட்டைத் தடவினாள். "ஷோக்கா கீது நைனா."

"சீர் ஏத்தணுங்கறத மறந்துட்டேன்க்கா," என்றார் ஜெயராம்.

அடப்பாவி, வாய் கூசாமல் சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அவள் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"பாவம், மறந்துட்ச்சு. அத்தப் போய் இன்னாத்துக்குத் திட்டிக்கினு கீறீங்கோ?"

சீர் போய்விட்டது. ஜெயராம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், கண் கலங்கியிருந்தது.

"நான் மறக்கலன்னு அவங்ககிட்ட யாரு பாய் சொல்றது?"

"நீங்கதான் சார்," என்று கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் இறங்கவில்லை.