அம்மா ஓ.டி.யில் இருந்தார்

அம்மா கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவரைப் பிடிக்கவே முடிவதில்லை. காலையில் நடை, பிறகு யாருக்காவது துணையாக பேங்க், யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரி.

இன்று, கூட வேலை பார்த்த சரோஜா அத்தையின் கண்ணை டாக்டரிடம் காட்ட, அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனார். மதியம் தாண்டியும் வீடு திரும்பவில்லை. ஆபீஸிலிருந்து அம்மாவின் போனுக்கு அடித்தேன். அத்தைதான் எடுத்தார்.

"உங்கம்மா ஓ.டி.ல இருக்கறா கண்ணு. நேரமாவும்."

அதோடு கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

போன மாதம்தான் அம்மா மயங்கி விழுந்தார். ஆபரேஷன் தியேட்டர் என்றால் இதயமா, தலையா? சிப்காட்டிலிருந்து ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்த நம்பரையே அடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மருந்து கொடுக்கும் ஜன்னலருகே நின்றிருந்தார். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் காத்திருந்தார்கள்.

"ஓ.டி.ன்னீங்களே அத்த?" பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் கேட்டேன்.

"ஆமா. ஷிப்ட் முடிஞ்சும் வேல பாத்தா ஓவர்டைம்தான?"

எனக்கு வந்த கோபத்தில் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "கெளம்பும்மா. சாப்டியா நீ?"

"அடுத்த ஷிப்ட்டுக்கு ரிலீவர் வராம எடத்த விட்டுப் போவக் கூடாது" என்ற அம்மா, என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குக் கன்னடம் வரும்ல?"

இப்போது அம்மாவும் அத்தையும் கேண்டீனில் சாப்பிடுகிறார்கள். நான் ஜன்னலருகே நின்று இதை எழுதுகிறேன்.

கன்னடம் தெரிந்த யாராவது ஓசூர் ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கிறீர்களா?