சிவப்பும் நீலமும் பிரிந்த அன்று

மாப்பிள்ளையூரணியில் பஸ்ஸுக்கு நின்றபோது கல்லூரியிலிருந்து போன் வந்தது. எஸ்தர் மேடம் விடியற்காலையில் இறந்துவிட்டார்களாம். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். மேடத்தின் ஆய்வகத்தில் பதினோரு வருஷம் கண்ணாடிச் சாமான் கழுவினேன். மேடத்தின் சிரிப்பு, அவர்களை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மாடிப்படி வரை கேட்கும்.

கலந்து கிடப்பதைப் பிரிப்பது அவர்கள் ஆராய்ச்சி. உள்ளங்கையளவு இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே முடி நுழையும் இடைவெளி, அதில் நீர் ஓடும். இரு பக்கமும் கரண்ட் கொடுத்து, கடல்பாசிச் சாற்றை ஒரே கோடாக விடுவார்கள். கரண்ட் ஒவ்வொரு சத்தையும் ஒவ்வொரு அளவுக்கு ஒதுக்கும். சிவப்பும் நீலமும் தனித்தனிக் கோடாகும்.

“ஓடிக்கிட்டே பிரியணும் செல்வி, நிக்கப்பிடாது” என்பார்கள்.

ஒரு சமயம் இரண்டு வாரமாகப் பிரியவே இல்லை. ஓரத்தில் குமிழி வந்தது, கோடுகள் நெளிந்து கலந்தன. மேடம் தகட்டை மாற்றினார்கள், கரண்டைக் குறைத்தார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் தரும் இடத்திலிருந்து பார்வையிட வருகிறவர்களுக்கு மூன்று நாளில் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சியே நின்றுவிடும். அந்தச் சிரிப்பு நின்றிருந்தது.

அன்று வீட்டுக்கு நல்ல தண்ணீர் வரவில்லை. போர் தண்ணீரில் டீ போட்டேன், பால் திரிந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆய்வகத்தில் தகட்டுக்குள் ஓடவிடக் காய்ச்சி இறக்கும் வடிநீர் சொட்டுச் சொட்டாக விழுவதற்குப் பொறுக்காமல், அந்தக் கேன் குறைந்தபோதெல்லாம் குழாயில் வரும் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பியவள் நான். பார்க்க ஒன்றுபோலத்தானே இருந்தது.

மறுநாள் காலையில் போய்ச் சொன்னேன்.

“மேடம், கேன்ல போர் தண்ணி ஊத்துனது நாந்தான். வேலைய விட்டு நிப்பாட்டிராதீங்க.”

மேடம் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள்.

“ஏளா, இதுல மீனப் போட்டா கருவாடு ஆயிரும்லா” என்றார்கள். பிறகு சிரிப்பு அடங்கவே இல்லை. “உப்பு கரண்ட இழுக்கு, சூடாவுது, குமிழி வருது. ரெண்டு வாரமா மெஷினப் போட்டு ஏசிக்கிட்டு இருக்கேன். நீ சொல்லாட்டா இன்னும் ஏசிருப்பேன்.”

நல்ல வடிநீரில் கோடுகள் பிரிந்தன. மேடம் அதோடு விடவில்லை.

“உப்பு கூடுனா கெடுதுன்னா, நாம வழக்கமா அந்த நீர்ல போடுற கொஞ்ச உப்பையும் குறைச்சுப் பாப்பமா?”

குறைத்துக் கரண்டைக் கூட்டினார்கள். சிவப்பு இங்கன, நீலம் அங்கன; நடுவே அதுவரை நாங்கள் பார்த்திராத வெள்ளை இடைவெளி. மேடம் என் கையைப் பிடித்துக் குதித்தார்கள். வந்தவர்களும் பார்த்துவிட்டு, தொடருங்கள் என்றார்கள்.

போன வாரம் கழுவும்போது ஒரு தகடு என் கையில் உடைந்தது. மேடத்தின் இடத்துக்கு வந்த புது சார் கேட்பதற்கு முன்பே போய்ச் சொன்னேன். பயம் இருந்தது, ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வந்தது. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வாய்தான்.