பிள்ளையாருக்குக் கீழே ஓர் அலாம் பெட்டி

இந்த நாட்டில் என் சொந்தக் கடைக்குள் நுழைய எனக்குத் தரப்பட்டிருக்கும் அவகாசம் முப்பது விநாடி. இரும்புக் கதவைத் தூக்கி, கண்ணாடிக் கதவைத் திறந்து, உள்ளே சுவரிலிருக்கும் வெள்ளைப் பெட்டியில் நாலு இலக்கங்களை அழுத்தி, நான் கள்ளி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். பிந்தினால் தெரு முழுக்கக் கேட்க அது குழறும். ஊரில் கடை வைத்திருந்தவர்கள் கள்ளனுக்கு மட்டும்தான் பயந்தார்கள். இங்கே கள்ளனைப் பிடிக்க வாங்கிய பெட்டிக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது.

எனக்கு முப்பது விநாடி தாராளம். என் வீட்டுக்காரருக்குத்தான் காணாது. அவர் 2010இல் வன்னியிலிருந்து வந்தவர். நான் அவருக்குப் பத்து வருடம் முந்திய பாரிஸ்காரி என்பதை வசதிப்படும் போதெல்லாம் ஞாபகப்படுத்துவேன். லா சப்பலில் எங்களுக்கு ஒரு சின்னப் புடவைக்கடை. பக்கத்து ஸ்டாலின்கிராட் மெத்ரோ அருகே ஒரு கடை உடைபட்ட பிறகு, அலாம் இல்லையென்றால் காப்புறுதி இல்லை என்று அசூரன்ஸ்காரர் சொல்லிவிட்டார். அப்படித்தான் பெட்டி வந்தது. ஆனால் இவர் காலையில் கடை திறந்தால் முதல் வேலை பிள்ளையார்தான். சப்பாத்தைக் கழற்றி, வலது காலை எடுத்து வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, கர்ப்பூரம் காட்டி, மூன்று தோப்புக்கரணம் போட்ட பிறகுதான் வேறு எதையும் தொடுவார். பெரும்பாலும் இரண்டாவது தோப்புக்கரணத்தில் அலாம் அடிக்கும்.

அடித்த கையோடு கடைத் தொலைபேசியும் அடிக்கும். கண்காணிப்பு நிலையத்திலிருந்து ஒரு பெண் கேட்பாள்: “பொன்ஜூர் முஸ்யூ, உங்கள் மோ து பாஸ்?” அதாவது, பதிவு செய்யும்போது நாங்கள் கொடுத்த இரகசியச் சொல். அதைச் சொன்னால் நன்றி கூறி வைத்துவிடுவாள். சொல்லாவிட்டால் தங்கள் காவலரை அனுப்புவாள். ஒரு சொல்தானே? இவர் சொல்லமாட்டார். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, “இங்கே ஒருவரும் இல்லை” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஒருவரும் இல்லாத கடையில் தொலைபேசியை எடுத்தது யாரென்று அவள் யோசித்திருப்பாள் அல்லவா? அரை மணியில் கதவளவு உயரமான காவலர் வந்து நிற்பார். உள்ளே கர்ப்பூரத் தட்டோடு என் மனுசன் நிற்பார்.

“வாயிலை என்ன கொழுக்கட்டையே வைச்சிருக்கிறீங்கள்? அந்தச் சொல்லைச் சொன்னால் என்னப்பா?”

“ஆரெண்டு தெரியாத ஆளுக்கு டெலிபோனிலை ஒண்டும் சொல்லேலாது. நீர் பேசாமல் இரும்.”

அந்தச் சொல் என்னவென்று எனக்கும் சொல்லவில்லை. சுவரில் பெட்டி பூட்ட வந்தவன், “பிறத்தியார் ஊகிக்க முடியாத, நீங்கள் மறக்கவே மாட்டாத ஒரு சொல்லை எழுதுங்கள்” என்று படிவத்தை நீட்டியபோது, இவர் சோதனை மண்டபத்துப் பிள்ளையைப் போல ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். என் பெயராகத்தான் இருக்கும் என்று நான் உள்ளூரப் பூரித்துப்போய் இருந்தேன் என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் இப்படியே காவலர் வந்துபோனதும் பதிவுத் தபால் வந்தது. இன்னும் ஒரு தடவை ஆளை வீணாக அனுப்ப நேர்ந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வார்களாம். ஒப்பந்தம் இல்லையென்றால் காப்புறுதி இல்லை. காப்புறுதி இல்லையென்றால் கட்டடச் சொந்தக்காரர் கடையைத் தரமாட்டார். பதினைந்து வருடம் அடுத்தவர் உணவகத்தில் கோப்பை கழுவி எடுத்த கடை எனக்கு.

அடுத்த நாள், கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் பிரெஞ்சுக்கார மதாம், வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். நல்ல மனுசி. ஊதுபத்தி வாசம் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறார். மெதுவாகத் தொண்டையைச் செருமி, “மதாம், நான் எல்லா மதங்களையும் மதிப்பவள். ஆனால் உங்கள் கடவுளைக் கொஞ்சம் சத்தம் குறைத்துக் கூப்பிட முடியாதா?” என்றார். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. புகை வருகிறது, உடனே சங்கு ஊதுகிறது, இதுவும் பூசையின் ஒரு பகுதி என்று இத்தனை மாதமாகப் பொறுத்திருக்கிறார் அந்த மனுசி! இல்லை மதாம், அது கள்ளனுக்கு என்றேன். “ஒவ்வொரு காலையும் கள்ளன் வருகிறானா?” என்று பயந்துபோய் மேலே ஏறினார்.

பெட்டியைப் பூட்டியவனையே திரும்பக் கூப்பிட்டேன். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றில் சாமி இடம் மாற வேண்டும், அல்லது பெட்டி இடம் மாற வேண்டும் என்றான். “பிள்ளையார் அசையமாட்டார்,” என்றார் இவர். ஆகவே பெட்டி பிள்ளையாருக்கு நேர் கீழே வந்தது. கும்பிடக் கை தூக்கும்போதே இலக்கத்தை அழுத்திவிடலாம். இரண்டு மாதம் தெரு நிம்மதியாக இருந்தது. சில வாடிக்கையாளர்கள் பெட்டியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை.

ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. அவசரத்துக்கு நானாவது சொல்லலாமே என்று ஒரு நாள் கடைக் கோப்புகளைத் துழாவி ஒப்பந்தப் பிரதியை எடுத்தேன். மோ து பாஸ் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. “சுதன்” என்று இருந்தது. இவருடைய ஒரே தம்பி. கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை இவர் வாயால் நான் ஒருமுறையும் கேட்டதில்லை. சண்டைக்காலத்தில் காணாமல் போனவன் என்று இவருடைய அம்மா, என் மாமி, சொல்லித்தான் தெரியும்.

கேட்டேன். புடவை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: “ஒவ்வொரு சோதனைச் சாவடியிலையும் ஆமிக்காரங்கள் மறிச்சுக் கேப்பாங்கள், தம்பி எங்கை எண்டு. எனக்குத் தம்பியே இல்லை எண்டு சொன்னனான். ஒருக்கால் இல்லை, எத்தினை தரம். அப்பிடிச் சொல்லித்தானே உயிரோடை இஞ்சை வந்தனான்.”

“பிறகேன் அந்தப் பேரை எழுதினனீங்கள்?”

“மறக்காத சொல் வேணுமெண்டவன்.”

இத்தனை நாளும் கொழுக்கட்டை என்று பகிடி பண்ணிய என் வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு ஆயுதபூசை வந்தது. கத்தரிக்கோல், அளவுநாடா, வங்கி அட்டை இழுக்கும் மெசின், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்த மனுசன், கடைக்குக் காவலிருக்கும் பெட்டியை விடுவாரா? அதற்கும் தாராளமாக ஒரு பொட்டு. அடுத்த நாள் காலை சந்தனம் காய்ந்து ஐந்தாம் இலக்கப் பொத்தான் அப்படியே இறுகிவிட்டது. எங்கள் இரகசிய இலக்கத்தில் ஐந்து இரண்டு தரம் வரும். நான் ஊசியால் சுரண்டச் சுரண்ட முப்பது விநாடியும் ஓடிப்போய், அலாம் காது கிழிய அடித்தது. மேலே மதாமின் யன்னல் திறந்தது. தொலைபேசி அடித்தது.

“பொன்ஜூர் முஸ்யூ. மோ து பாஸ், சில் வு பிளே?”

இந்த முறையும் சொல்லாவிட்டால் கடை இல்லை. நான் கையை நீட்டினேன். எனக்குத்தான் இப்போது தெரியுமே, சொல்லியிருக்கலாம். ஆனால் அது நான் சொல்லக்கூடிய பெயராகப் படவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இவர் பிள்ளையாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சுதன்,” என்றார்.

அவளுக்குக் கேட்கவில்லை. அலாம் அந்தக் கத்துக் கத்தினால் எப்படிக் கேட்கும்? திரும்பச் சொல்லச் சொன்னாள். இவர் தெருவுக்கே கேட்க, “சுதன்! சுதன்!” என்று கத்தினார். பிறகு தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, சேலைக் கட்டுகளுக்கு நடுவே குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். காவலர் வரவில்லை.

கடை தப்பியது. ஒப்பந்தத்தில் ஒரு சின்ன வரி இருக்கிறது. மாதம் ஒருமுறை நாங்களே நிலையத்தை அழைத்து, தொடர்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கலாம். இந்தத் தெருவில் அதை யாரும் செய்வதாக நான் கேள்விப்படவில்லை. இவர் செய்கிறார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, சேட்டுக் கொலரைச் சரிபண்ணிக்கொண்டு, நிமிர்ந்து நின்று அழைப்பார். அவள் கேட்க முதலே பெயரைச் சொல்லிவிடுவார். ஊரில் மாமி மகனைத் தேடி ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்கள் எல்லாம் அப்படி ஒருவர் தங்கள் பதிவில் இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டன. இங்கே, முகம் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரி தன் திரையைப் பார்த்துச் சொல்கிறாள்: “உய், முஸ்யூ. அந்தப் பெயர் எங்களிடம் இருக்கிறது.”