ஏலக்காரரின் விக்கல்

சோ-ஹுன் சித்தி தாய்துங்குக்கு ரயிலேறியது, முன்னோர் கல்லறை துடைக்கும் திருநாளுக்கு மறுநாள். கணவருக்காக அவர் அண்ணனிடம் ஒரு சிறுநீரகம் கேட்கப் போனாள். முந்தின நாள் பெற்றோர் கல்லறையிலேயே கேட்டிருக்கலாம். "அப்பா அம்மா முன்னாடி கேட்டா அண்ணனால மாட்டேன்னு சொல்ல முடியாது. அது வழிப்பறி" என்று தியாம்-ஹோக் சித்தப்பா தடுத்துவிட்டார்.

அவர் துங்காங் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுபவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த என்னைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனாள் சித்தி.

அன்று ஏலத்தில் அவருக்கு விக்கல் நிற்கவே இல்லை.

"யோவ் ஹோக், இது விலையா, விக்கலா? தெரியாம வாங்கித் தொலைச்சிடப் போறேன்!" என்றார் ஒரு வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மத்தியானம் டயாலிசிஸ் நர்ஸ் சிரிக்கவில்லை.

"மாமா, என்ன குடிச்சீங்க?"

"தொண்டை கட்டிக்கிச்சு. உப்புப் போட்ட நட்சத்திரப்பழச் சாறு. கூவுறவன் எல்லாம் குடிக்கிறதுதானே?"

"ஐயோ, உங்களுக்கு அது விஷம்!"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. வெளியே வந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டேன். "மத்தவங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகலை?"

"சிறுநீரகத்துக்குள்ள முடியைவிட மெல்லிசான ரத்தக்குழாய், லட்சக்கணக்கான குட்டி உருண்டையா சுருண்டு கிடக்கு. அதுல ரத்தம் அழுந்தும்போது ரத்த அணுவும் புரதமும் உள்ளேயே நின்னுடும். தண்ணி, உப்பு, சர்க்கரை, விஷம் எல்லாம் கசிஞ்சிடும். அப்புறம் ஒட்டியிருக்கிற நுண்குழாய் வேணுங்கறதை மட்டும் திருப்பி எடுத்துக்கும். மிச்சம் மூத்திரம். இவருக்கு அந்த உருண்டையெல்லாம் தழும்பாயிடுச்சு. அந்தப் பழத்துல இருக்கிற விஷம் வெளியே போக வழியில்லை."

"மெஷின் இருக்கே?"

"மெஷின் சில மணி நேரம்தான். சிறுநீரகத்துக்கு லீவே கிடையாது."

மறுநாளும் மெஷின் ஓடியது. அதற்கு அடுத்த நாள்தான் அவருக்கு நினைவு திரும்பியது. ஓடிவந்த சித்தி, "டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்றேன்னாரு உங்கண்ணன்" என்றாள்.

அண்ணன் சொல்லவே இல்லை. சித்தி கூப்பிட்டால் போனை எடுக்கவுமில்லை.

"உங்க நியாயம்தான் உங்களைக் கொல்லப் போகுது! வழிப்பறியே பண்ணியிருக்கணும்" என்று அழுதாள்.

"அவர் உடம்புடி அது" என்றார் சித்தப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த திருநாளுக்கு அண்ணன் வரவில்லை. சித்தி கல்லறையில் அவர் பெயரையே எடுக்கவிடவில்லை. மழைக்காலமும் போனபிறகு சித்தப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது:

"தம்பி, டெஸ்ட் எடுத்த அன்னிக்கே என்னுதும் தழும்பாயிட்டு வருதுன்னுட்டாங்க. உன் நம்பிக்கையைக் கெடுக்க மனசு வரலை. அடுத்த வாரம் எனக்கும் டயாலிசிஸ். அந்த ஊசி ரொம்ப வலிக்குமாடா?"